ஜீவிய சரித்திரத்தில் ஒரு வரி

தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்பதுண்டு. பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கும் தாய்மார்கள். என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. செத்தவர்களைப் பற்றி எழுதும் வேலை கிடைக்கும் என்பேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, பிள்ளையைக் கொண்டுபோய் நர்சிங்கில் சேர்த்துவிடுவார்கள். நல்ல காரியம்தான். நான் கேலி செய்யவில்லை என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் சபையில் ஒருவர் இறந்துபோனால், நாங்கள் பள்ளி என்று சொல்லும் தேவாலயத்தில், அடக்க ஆராதனையின்போது பிரசங்கத்துக்கு முன்னால் அவருடைய ஜீவிய சரித்திரத்தை வாசிக்க வேண்டும். மிஷன் காலத்திலிருந்து வருகிற பழக்கம் என்பார்கள். ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். எங்கே பிறந்தார், எப்போது ஞானஸ்நானம் பெற்றார், என்ன வேலை பார்த்தார், யாரைக் கல்யாணம் கட்டினார். அதற்கு அடுத்தாற்போல் வருவதுதான் முக்கியம்: பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் என்ன படித்திருக்கிறது, எந்த ஊரில் என்ன வேலையில் இருக்கிறது, மருமகன் யார், மருமகள் யார். அதுவரை விசிறிக்கொண்டும் இருமிக்கொண்டும் இருந்த சனம் அந்த இடத்தில் சத்தமில்லாமல் ஆகிவிடும். மூத்த மகள் லண்டனில் செவிலியர், இரண்டாவது மகன் துபாயில் பொறியாளர், இளையவர் மின்வாரியத்தில் என்று வாசிக்க வாசிக்க, பெஞ்சில் இருக்கிற ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வரிகளையும் மனதுக்குள் வாசித்துப் பார்த்துக்கொள்வார்கள். செத்தவர் நல்லவரா கெட்டவரா என்பது ஆண்டவருக்குத் தெரியும். அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்பது அந்த நாலைந்து வரியில் சபைக்குத் தெரிந்துவிடும்.

என் அப்பாவுக்குப் புதுக்கடை சந்தை முக்கில் பாத்திரக் கடை. கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க வருகிற பெண்வீட்டாரிடம், பெண் என்ன படித்திருக்கிறாள், மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று கேட்டு, அதற்கேற்றபடி குத்துவிளக்கையோ குக்கரையோ எடுத்துக் காட்டுவார். மனிதர்களை அவர்களுடைய வேலையோடு சேர்த்துத்தான் அவருக்கு ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்டவர் என்னைத் தமிழ் படிக்க விட்டது ஆச்சரியம்தான். அவர் விட்டதற்கு ஒரே காரணம், நான் கல்லூரியில் ஆசிரியை ஆகிவிடுவேன் என்று நம்பியதுதான். கடையில் வந்து நிற்கிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார்: "எனக்க மவ காலேஜில படிப்பிக்கிய டீச்சரு ஆவா. அதுக்கு ஆக்கும் தமிழ் எடுத்திருக்கா."

எனக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லை. தமிழ் பிடித்திருந்தது, அவ்வளவுதான். பழைய பாட்டு ஒன்றைப் படித்து, அது எனக்குப் புரிந்துவிட்ட அன்று எனக்குச் சாப்பாடுகூட வேண்டியிருக்காது. இளங்கலை, முதுகலை, எம்.ஃபில்., முனைவர் பட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துக்கொண்டே போனேன். நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது அம்மா இறந்தார். அன்றைக்கு ஜீவிய சரித்திரத்தில், "மகள் தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறார்" என்று வாசித்தார்கள். அந்தத் துக்கத்திலும் அப்பா தலையை நிமிர்த்தி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். சனம் தலையை ஆட்டியது. படிக்கிற பெண், எப்படியும் முன்னுக்கு வந்துவிடுவாள் என்கிற தலையாட்டல் அது.

படித்துக்கொண்டிருந்தவரைக்கும் எனக்கு ஒரு வரி இருந்தது. படித்து முடித்த அன்றைக்கு அந்த வரியும் போயிற்று.

தக்கலையைத் தாண்டி ஒரு கல்லூரியில், சுயநிதிப் பிரிவில் வேலை கிடைத்தது. வருஷா வருஷம் ஜூன் மாதம் வரச்சொல்லுவார்கள், ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள். மே மாதத்தில் நான் ஆசிரியை இல்லை. வணிகவியல் பிள்ளைகளுக்கும் கணினிப் பிள்ளைகளுக்கும் முதல் இரண்டு வருஷம் கட்டாயமாகத் தமிழ் உண்டு. அந்தக் கட்டாயம்தான் எனக்குச் சோறு போட்டது. கேரளத்தை ஒட்டிய மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் மலையாளத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவர்களிலும், மழை பெய்து திற்பரப்பில் தண்ணீர் கூடிவிட்டால் பாதிப் பேர் அருவிக்குக் கீழேதான் இருப்பார்கள். மீதிப் பாதிக்கு நான் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அப்பா வெளியே "காலேஜில டீச்சரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் நிரந்தரம் இல்லை என்பது அவருக்குத் தெரியும், கேட்டுக்கொண்டு நிற்கிறவருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒருவருடைய வேலை நிரந்தரமா தற்காலிகமா என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் அடுத்த வாய் காப்பி குடிப்பதில்லை. பிறகு ஒரு வருஷம் இரண்டு வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம், ஓர் ஆள் போதும் என்றார்கள். அந்த ஓர் ஆள் நான் இல்லை. யார்மீதும் எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தேன்.

அதன் பிறகு என்னவெல்லாமோ செய்தேன். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாக அ, ஆ சொல்லிக்கொடுத்தேன். ஒரு நிறுவனத்துக்காக, இயந்திரம் பேசுகிற தமிழ் சரியா தப்பா என்று குறித்துக்கொடுத்தேன். இயந்திரம் நன்றாகப் பேசப் பழகிவிட்டதும் அந்த வேலையும் நின்றது. அதற்கு நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று அண்ணன் கத்தாரிலிருந்து போனில் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாட்களில்தான் சபைச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், தங்கமான மனிதர். யாரோ ஒரு முன்னாள் தலைமையாசிரியர் இறந்திருந்தார். "நீ தமிழ் படிச்ச பிள்ளல்லா மக்கா, சரித்திரம் ஒண்ணு எழுதித் தா" என்றார். எழுதிக்கொடுத்தேன். என் படிப்பு முழுவதையும் அதில் கொட்டியிருந்தேன். செயலாளர் வாசிக்கும்போது மூன்று இடத்தில் நாக்குப் புரளாமல் நின்றார். இரண்டாவது ஆளுக்கு எழுதும்போது எனக்குப் புத்தி வந்துவிட்டது. சின்னச் சின்ன வாக்கியம், எல்லோருக்கும் தெரிந்த சொல், பிள்ளைகளின் வேலையைத் தெளிவாகச் சொல்வது. பக்கத்துச் சபைகளிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது. சிலர் மறுநாள் ஏத்தன் வாழைக்குலை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். பலர் அடுத்த சாவுவரைக்கும் கண்ணில் பட மாட்டார்கள்.

அப்பா ஒரு அடக்கத்தையும் விடமாட்டார். நான் எழுதியதை முன்பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சொல்லுவார்: "மூணு மக்களும் நல்ல நெலையில உண்டு. கேக்கச்சில மனசுக்கு சந்தோசமாட்டு இருந்து." அதோடு நிறுத்திக்கொள்வார். அவர் சொல்லாமல் விட்டது என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு நாள் அதையும் சொல்லிவிட்டார். "எனக்குள்ளத வாசிக்கச்சில ஒனக்குண்ணு ஒரு வேல இருக்கணும். அது போதும் எனக்கு." கல்யாணம் கட்டியிருந்தால் மருமகனுடைய வேலையையாவது போட்டு என் வரியை நிரப்பியிருக்கலாம். வந்த மாப்பிள்ளை வீட்டாரும் நிரந்தரமா என்றுதான் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

இப்படி இருக்கும்போது அப்பாவின் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் பார்த்தோம். முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதே மாதத்தில், நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில், அரசு சம்பளத்தில், தமிழுக்கு நிரந்தர இடம் ஒன்று வந்தது. என் வயதுக்கு அதுதான் கடைசி இடம். கட்டிலில் கிடந்த அப்பா நேர்காணல் கடிதத்தை வாங்கி, கண்ணாடி போடாமலே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். இந்த மனுஷன் இந்த வேலைக்காகச் சாகாமல் இருக்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பயமாக இருந்தது.

நேர்காணலில் பாடம் சம்பந்தமாகக் கேட்டதற்கெல்லாம் சொன்னேன். கேள்வி கேட்டவர்களில் ஒருவர் என் பதிலைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். கிடைத்துவிடும் என்று நினைத்தேன். கடைசியில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவர் என் தாள்களைப் புரட்டிக்கொண்டே, "இத்தனை வருஷமா எங்கேயும் ஏன் நிரந்தரமாகலை?" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். எவனும் தரவில்லை, அதனால் ஆகவில்லை, அதற்காகத்தானே இங்கே வந்து நிற்கிறேன் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு ஏதோ சொன்னேன். அந்த ஏதோ போதவில்லை.

வேலை கிடைத்தது என் மாணவிக்கு. தக்கலைக் கல்லூரியில் வணிகவியல் படிக்க வந்து, என் வகுப்பில் உட்கார்ந்து, பட்டம் முடித்ததும் தமிழுக்கு மாறிப்போன பெண். கெட்டிக்காரி. இதில் யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. அவள் என்னைவிட நன்றாக எழுதுவாள், அவளுக்கு வயதும் இருக்கிறது. ஒரு டப்பா லட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டாள். "மிஸ், நீங்க இல்லைன்னா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அந்த இடத்துக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு அவளை அணைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது, கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்கவும் வேண்டியிருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு அப்பா கட்டிலிலிருந்து கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கா கெடச்சு?"

"ஆமாப்பா."

"ஒனக்க கிட்ட படிச்சவளா?"

"ஆமா."

"கொள்ளாம்" என்றார், நல்லது என்கிற அர்த்தத்தில். பிறகு, "இனி அடுத்தது எப்ப உண்டு?" என்று கேட்டார்.

"இனி இல்லப்பா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து கூடுதல் இட்லியும் இல்லை, இருந்த இட்லியும் இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் கஞ்சி கொடுக்கப் போனபோது, "ஏட்டி, எனக்குள்ள சரித்திரத்த எழுதிட்டு வா. வாசிச்சுக் காட்டு. செத்த பெறவு எனக்குக் கேக்காதுல்லா" என்றார். மாட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். ஊரில் இருக்கிற எல்லாருக்கும் எழுதுகிறாய், எனக்கு மட்டும் முடியாதா என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அடுக்களையில் உட்கார்ந்து எழுதினேன். எத்தனையோ பேருக்கு அரை மணி நேரத்தில் எழுதித் தள்ளியவள், அப்பாவுக்கு எழுத ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் வந்துவிட்டது. என் வரி வரவில்லை. கடைசியில், "மகள் முனைவர் பட்டம் பெற்று, கல்லூரியில் பேராசிரியையாகப் பணிபுரிகிறார்" என்று எழுதினேன். அவர் ஒரு தடவை காதால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் கொடுக்க முடிந்தது.

வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையிடையே திருத்தம் சொன்னார். வெறுமனே புதுக்கடை என்று போடாமல் சந்தை முக்கு என்று போடச் சொன்னார். அம்மா வீட்டு ஊரைச் சேர்க்கச் சொன்னார். அண்ணனுடைய வரி வந்தது, கத்தாரில் சூப்பர்வைசர். பிறகு என் வரியை வாசித்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"இது யாருக்க மவ?" என்றார்.

நான் தாளை மடியில் வைத்தேன்.

"பள்ளியில இருக்கிய அத்தன பேருக்கும் தெரியும் மக்கா. பெட்டிக்குள்ள கெடந்துகிட்டு நான் பொய் சொல்லப்பிடாது."

"பின்ன என்னதான்பா எழுதணும்?" என்றேன். என் குரல் கத்துவதுபோல் வந்தது.

அவர் யோசித்தார். பெண்வீட்டாருக்கு எந்தப் பாத்திரத்தைக் காட்டலாம் என்று கடையில் நின்று யோசிக்கிற அதே முகம். "படிச்சது பொய்யில்லல்லா. படிப்ப முழுசும் போடு, ஒண்ணும் விட்டுராத. வேலைய விட்டுரு" என்றார். படிப்பைச் சொல்லி நிறுத்தினால் கேட்கிறவர்கள் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார்கள் என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன். இத்தனை அடக்கத்தில் முன்பெஞ்சில் இருந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும். மாற்றி எழுதி மறுபடியும் வாசித்துக் காட்டினேன். "ம்" என்றார்.

அவர் ஆனி மழையில் போனார். அண்ணன் வந்துசேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். அண்ணன் வந்து அழுது முடித்து, நான் எழுதிவைத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தான். "ஒனக்கு புரொஃபசர்னு போட்டா என்ன? எவன் வந்து கேக்கப்போறான்?" என்றான். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அவன் தாளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "எனக்கு சூப்பர்வைசர் வேண்டாம். மேலாளர்னு போடு" என்றான். போட்டேன். அவன் நாளைக்கே விமானம் ஏறிப் போகிறவன், அவனுக்கு அது எளிது.

ஆராதனைக்குப் பள்ளி நிறைந்திருந்தது. மழை ஓட்டின்மேல் விழுகிற சத்தத்துக்கு மேலாகச் செயலாளர் உரக்க வாசித்தார். பிறப்பு, ஞானஸ்நானம், சந்தை முக்கு, அம்மா, அம்மா வீட்டு ஊர். மகன் கத்தாரில் மேலாளர். விசிறிகள் நின்றுவிட்டன. "மகள், தமிழில் பி.ஏ., எம்.ஏ., எம்.ஃபில்., பி.எச்.டி." என்று வாசித்துவிட்டு அவர் நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடியும் முன்பக்கம் திருப்பிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்றுதான் அந்த நல்ல மனிதர் நினைத்தார். இத்தனை படித்தவளுக்கு அடுத்த சொல் இல்லாமல் இருக்காது என்று நம்பினார். பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, மெல்லக் குனிந்து, "பாக்கி எங்க மக்கா?" என்று கேட்டார். ஒலிபெருக்கி அதையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மாணவியும் பின்வரிசையில் இருந்தாள்.

"அவ்வளவுதான் ஐயா" என்றேன்.

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் சிறுத்துப்போய், அவசரமாகப் பேரப்பிள்ளைகளுக்குப் போனார். பிரசங்கம் நடந்தது, பாட்டுப் பாடினார்கள், கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். மண் போடும்போது நான் அழவில்லை என்று பலர் பிறகு சொன்னார்கள். அப்பாவுக்காக அழவேண்டிய நேரத்தில் நான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். செத்தும் அவர் எனக்காகத் தலைகுனியவேண்டியதாயிற்று என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே வரவில்லை. இன்றுவரைக்கும் அது மாறவில்லை.

மழை விட்டதும் குடையை மடக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக் கேட்டைத் தாண்டும்போது, பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். தக்கலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருந்த மக்கா. கேட்டு எனக்கே அழுவ வந்துட்டு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க அம்மைக்கு இனி ரெம்ப நாள் இல்லண்ணு டாக்டர் சொல்லியாச்சு. ஒண்ணு எழுதி வைப்பியா?"

"விவரம் அனுப்புங்க அக்கா" என்றேன்.

"நாளைக்கே அனுப்புகேன்" என்று சொல்லிப் போனவள், நாலடி நடந்து திரும்பி வந்தாள்.

"பிள்ளைகளுக்க வேலைய மட்டும் விட்டுராத, கேட்டியா."

விடமாட்டேன் என்றேன்.